‘சல்லி இருந்தால்தான் வேகம்’ – யார் கட்டிய கதை?

கண்டி நகரைத் தாண்டி மஹய்யாவ வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கும் வீதியில் எந்தக் கராஜில் நின்று கேட்டாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும். பழைய காருக்குச் சூப்பர்சார்ஜர் பொருத்த ஆசை என்று ஓர் இளைஞன் வாயைத் திறந்தால் போதும், பொனட்டுக்குள் தலையை விட்டிருக்கும் பாஸ் நிமிராமலே சொல்லிவிடுவார்: “தம்பி, அதுக்கெல்லாம் சல்லி வேணும்.”

அந்த ஒற்றை வரிக்குள் பல நம்பிக்கைகள் அடங்கியிருக்கின்றன. மசில் கார் என்றால் அமெரிக்க வீ-8. வீ-8 என்றால் கோடிக்கணக்கில் செலவு. சூப்பர்சார்ஜர் என்றால் அதற்கு மேலும் ஒரு பெருந்தொகை. நம் ஊர்க் கிழட்டு எஞ்சினில் அதைப் பூட்டினால் ஒரு மாதத்தில் பிஸ்டன் உருகும். இவையெல்லாம் அனுபவத்தில் விளைந்த முடிவுகள் போலத் தோன்றும். ஆனால் மசில் காரின் வரலாறும் சூப்பர்சார்ஜரின் வரலாறும் மலைநாட்டின் காற்றழுத்தமும் இவற்றுக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. சிறிய முதலீட்டில் சூப்பர்சார்ஜர் வைத்த பழைய காரைக் கட்டலாம். செலவின் அளவைவிட, அது எந்த வரிசையில் போகிறது என்பதுதான் அந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதலில் மசில் காரின் பிறப்பைப் பார்க்கலாம். அந்த வகையைத் தொடக்கி வைத்ததாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கார் 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜி.ரி.ஓ. நடுத்தர அளவுக் கார்களில் பெரிய எஞ்சின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டர்ஸ் தலைமையகம் வரம்பு விதித்திருந்தது. பொன்டியாக்கின் ஜோன் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அதைச் சுற்றி ஒரு குறுக்குவழி கண்டார்கள். புதிய கார் எதையும் அவர்கள் வடிவமைக்கவில்லை. டெம்பெஸ்ட் என்ற சாதாரணக் குடும்பக் காருக்குள், பெரிய கார்களுக்கென்று இருந்த 389 கன அங்குல எஞ்சினை இறக்கி, ஏறக்குறைய 296 டொலர் மேலதிகக் கட்டணத்தில் ஒரு தெரிவாக விற்றார்கள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று கணக்குப் போட்டது நிறுவனம். முதல் ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கு மேல் விற்றது.

நான்கு ஆண்டுகள் கழித்து பிளிமத் நிறுவனம் இதே சூத்திரத்தை இன்னும் மலிவாக்கியது. 1968இன் ரோட் ரன்னர் காரின் அடிப்படை விலை 2,896 டொலர். முன்பக்கத்தில் நீளமான ஒற்றை இருக்கை, தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு, அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் பிடித்த காசெல்லாம் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் பிரேக்குக்கும் போனது. கார்ட்டூன் பறவையின் பெயருக்கும் அதன் ‘பீப் பீப்’ ஹோர்னுக்கும் வோர்னர் பிரதர்ஸுக்கு 50,000 டொலர் கொடுத்ததுதான் அந்தத் திட்டத்தின் ஆடம்பரம். மசில் கார் என்பது தொழிற்சாலைச் சம்பளக்காரனின் கார். இன்று ஏலத்தில் கோடிகளுக்குப் போகிறது என்பதற்காக அதைப் பணக்காரன் பண்டம் என்று சொல்வது, பின்னால் வந்த சேகரிப்பாளரின் விலைச்சீட்டைப் பார்த்து முன்னால் இருந்தவனின் பையை அளப்பதாகும்.

சூப்பர்சார்ஜரின் பூர்வீகம் இதைவிட எளியது. கொல்லன் உலைக்குத் துருத்தி செய்வதைத்தான் அது எஞ்சினுக்குச் செய்கிறது. கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். 1860இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஊதி, கார் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே வார்ப்புலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று தள்ளிக்கொண்டிருந்தது. 1938இல் ஜெனரல் மோட்டர்ஸ் வெளியிட்ட 71 வரிசை டீசல் எஞ்சின்கள் அதே ரூட்ஸ் ஊதியோடுதான் வந்தன. ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம். ஆறு சிலிண்டர் என்றால் 6-71. லொறிகளிலும் பஸ்களிலும் அவை உழைத்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் பார்னி நவாரோ என்பவர் அந்தக் குடும்பத்தின் சிறிய 3-71 ஊதியைக் கழற்றி, ஒரு பழைய ஃபோர்ட் வீ-8இன் தலையில் வைத்து ஓட்டிக் காட்டினார். அவரைப் பார்த்துப் பிறரும் பழைய இரும்புக்கடைகளில் பஸ் எஞ்சின்களைத் தேடத் தொடங்கினார்கள். இன்றைக்கும் பொனட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும் அந்தப் பிரம்மாண்ட ஊதி, பழுதான பஸ்ஸிலிருந்து கழற்றிய உதிரிப்பாகத்தின் நேர் வாரிசு.

கண்டிக்காரருக்கு இது அந்நியக் கதையும் அல்ல. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாக வழங்கிய எம்-2 வகை ரயில் எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று கனேடிய மாகாணப் பெயர்களைச் சுமந்துகொண்டு 1954 முதல் இலங்கைத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. அவற்றின் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்கள் மூச்சுவிடுவது ரூட்ஸ் ஊதியால்தான். அங்கே ஊதியின் முதல் வேலை எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை நிரப்புவது. ஆனால் இயந்திரம் அதே இயந்திரம். எழுபது ஆண்டு பழைய ஊதியைக் கழற்றிப் பூட்டிப் பராமரிக்கத் தெரிந்த நாட்டில், சூப்பர்சார்ஜர் நம் கைக்கு எட்டாத வித்தை என்று ஒருவர் சொல்வது விந்தை.

பழைய கார் விரும்பிகள் சிலர் வேறு பக்கத்திலிருந்து வருவார்கள். மொரிஸ் மைனர் போன்ற மரபுக் காரில் சூப்பர்சார்ஜர் வைப்பது அபசாரம் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் இளமைக்காலத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1930களில், சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியியலாளராக இருந்தபோது, ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் ஓய்வு நேரங்களில் ஒரு பந்தயக் காரைக் கையால் கட்டினார். ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்ற அந்தக் கார் முடிவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன, 1938இல்தான் ஓடியது. அதில் இருந்தது சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒஸ்டின் செவன் வகைச் சிறு எஞ்சின். பத்தாண்டுகள் கழித்து, 1948இல், அதே மனிதரின் மைனர் வெளிவந்தது.

அதோடு முடியவில்லை. 1950களில் இங்கிலாந்தின் ஷோரொக் நிறுவனம் மைனர் போன்ற சிறு கார்களுக்கும், அமெரிக்காவின் ஜட்சன் நிறுவனம் ஃபொக்ஸ்வாகன் பீட்டிலுக்கும், வீட்டிலேயே பூட்டக்கூடிய சூப்பர்சார்ஜர் தொகுதிகளை விற்றன. அந்தக் கார்கள் புதிதாக இருந்த காலத்திலேயே அவற்றுக்கு இந்தத் துணைக்கருவி இருந்தது. ஆகவே மரபின் பெயரால் வரும் ஆட்சேபம் மரபை அரைகுறையாகப் படித்ததன் விளைவு. அரிதான, எல்லாப் பாகமும் தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருக்கும் ஒரு காரைத் தொடாமல் விடுவதுதான் நியாயம். ஆனால் மூன்றாவது எஞ்சினும் நான்காவது பெயின்ட்டும் கண்டுவிட்ட ஒரு காருக்கு அந்தப் பாதுகாப்புக் கோருவதில் பொருளில்லை. சட்டத்தை வெட்டாமல் போல்ட்டால் பூட்டினால், வேண்டாதபோது கழற்றியும் விடலாம்.

மலைநாட்டுக்கு வருவோம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் கண்டியில் காற்றழுத்தம் சுமார் 6 வீதமும் நுவரெலியாவில் சுமார் 20 வீதமும் குறைவு. காற்று குறைந்தால் பலமும் அதே அளவுக்குக் குறையும். கடல்மட்டத்தில் 48 குதிரைவலு கொடுக்கும் 1,098 சிசி மைனர் எஞ்சின், ரம்பொடை வளைவுகளைத் தாண்டி நுவரெலியாவுக்குள் நுழையும்போது 40க்கும் கீழே வந்திருக்கும். அதற்கு 6 பீ.எஸ்.ஐ. அழுத்தம் தரும் சிறு சூப்பர்சார்ஜர் இருந்தால், உள்ளே போகும் காற்று 1.4 மடங்காகிறது. மேலே போகப் போக அதுவும் தன் பங்கை இழக்கும். ஆனால் 1.4இல் 20 வீதம் கழிந்தாலும் 1.12 மிஞ்சும். வெப்பத்திலும், ஊதியைச் சுழற்றுவதிலும் போவதைக் கழித்த பிறகும், கடற்கரையில் இருந்த பழைய பலத்துக்கு அருகில் நுவரெலியாவிலும் நிற்கும். கொழும்பில் சூப்பர்சார்ஜர் ஆடம்பரமாக இருக்கலாம். மலையேறும் சிறு காருக்கு அதில் ஒரு நேரான தர்க்கம் இருக்கிறது.

வீ-8 இல்லாமல் அது எப்படி மசில் காராகும் என்ற கேள்விக்குக் கணக்கால் பதில் சொல்லலாம். 1964 ஜி.ரி.ஓ.வுக்குச் சொல்லப்பட்ட பலம் 325 குதிரைவலு. எடை ஒன்றரை தொன்னுக்கு மேல். கடதாசியில் தொன்னுக்கு 200 குதிரைவலுவைச் சுற்றி வரும். ஆனால் 1972க்கு முன் அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைத் தனியே மேசையில் வைத்து, காற்று வடிகட்டியும் சைலன்சரும் இல்லாமல் அளந்தன. காரில் பூட்டி அளந்திருந்தால் அந்த எண் கணிசமாக இறங்கியிருக்கும். இந்தப் பக்கம், நாற்பது வயதைத் தாண்டிய பின்சக்கர இயக்கக் கொரோல்லா கே.ஈ.70ஐ எடுத்துக்கொள்ளலாம். எடை 900 கிலோவை ஒட்டி. 1986இல் டொயோட்டா வெளியிட்ட 4ஏ-ஜீ.இசட்.ஈ. என்ற 1.6 லீற்றர் எஞ்சினுக்குத் தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜர் உண்டு. முதல் வடிவத்தில் 145 குதிரைவலு, அதுவும் காரில் இருப்பதுபோல் அளந்தது. தொன்னுக்கு 160. இரண்டுக்கும் இடையே விளம்பரம் சொல்லும் தூரம் இல்லை.

இந்த எஞ்சின் தற்செயலான தேர்வும் அல்ல. கே.ஈ.70க்கு அடுத்த தலைமுறையில் வந்த பின்சக்கர இயக்க ஏ.ஈ.86 காரில் இதே 4ஏ குடும்ப எஞ்சின் இருந்ததால், கியர்பொக்ஸ் இணைக்கும் வழி ஏற்கெனவே தெரிந்தது. குறுக்காக வைக்கப் பிறந்த எஞ்சினை நீளவாட்டில் திருப்புவதால் தண்ணீர்க் குழாய்களும் காற்றுக் குழாய்களும் மாற வேண்டும். வேலை இருக்கிறது, மர்மம் இல்லை. அதன் எஸ்.சீ.12 ஊதி ஒரு சுற்றுக்கு 1.2 லீற்றர் காற்றைத் தள்ளும். மின்காந்தக் கிளட்ச் இருப்பதால், மிதமாக ஓட்டும்போது ஊதி சுழலாமல் ஓய்ந்திருக்கும். எரிபொருள் பற்றிய அச்சத்துக்கு அதுவே பாதி மறுமொழி. டொயோட்டா கிடைக்காவிட்டால், 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் காரில் ஈட்டன் எம்45 இருக்கிறது. கொம்பிரெசர் என்ற பெயர்ப்பட்டையோடு வந்த மெர்சிடிஸ் கார்களிலும் ஈட்டன் ஊதிகள் இருந்தன. ஒரு கார் விபத்தில் நொறுங்கினாலும் ஊதி பெரும்பாலும் நொறுங்குவதில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடுகிறவனுக்கு வேண்டியது பொறுமையும், கழற்றிய பொருளின் அச்சைக் கையால் சுற்றிப் பார்த்து பெயாரிங் தேய்மானத்தை அறியும் பழக்கமும்.

பழைய எஞ்சின் வெடிக்கும் என்று எச்சரிப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்கிறார்கள். மிதமான அழுத்தத்தில் பிஸ்டனை உடைப்பது பெரும்பாலும் காற்றின் பாரமல்ல, எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிப்பது. அமுக்கப்பட்ட காற்று சூடாகும். சூடான கலவை, தீப்பொறி எரித்த பகுதியைத் தாண்டித் தானாகவே பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்கும் வழிகள் எல்லோரும் அறிந்தவை: எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவாக இருக்க வேண்டும், தீப்பொறி சற்றுத் தாமதிக்க வேண்டும், கலவையில் பெற்றோல் குறையக்கூடாது, 92க்குப் பதில் 95 ஒக்டேன் ஊற்ற வேண்டும். சாதாரண 4ஏ-ஜீ.ஈ. எஞ்சினின் அமுக்க விகிதம் 9.4, சூப்பர்சார்ஜர் வடிவத்தில் முதலில் அதை 8.0 ஆக இறக்கினார்கள். டொயோட்டா ஏன் அப்படிச் செய்தது என்று புரிந்துகொண்டவருக்குப் பிஸ்டன் உருகிய கதைகள் பலவற்றின் முடிவும் புரிந்துவிடும். காசில்லாதவர்கள் அந்த எஞ்சின்களைக் கெடுக்கவில்லை. ஊதியை மட்டும் வாங்கிப் பூட்டிவிட்டு, பெற்றோலையும் தீப்பொறியையும் பழையபடியே விட்டவர்கள்தான் கெடுத்தார்கள்.

அதனால்தான் சிறு முதல்காரனுக்கு மிகப் பெரிய சிக்கனம், எஞ்சின், ஊதி, கணினி, வயர்த்தொகுதி எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து ஒன்றாக எடுப்பது. தனித்தனியாகச் சேர்த்தால் ஒவ்வொன்றும் மலிவாகத் தெரியும். ஒன்றோடொன்று பேச வைக்கும்போதுதான் பணம் கரையும்.

செலவின் வரிசை அதற்கும் முன்பே தொடங்குகிறது. முதல் ரூபாய் துருவுக்கு. அடிச்சட்டம் அரித்துப்போன காரில் எஞ்சின் வேலை தொடங்குவது வீண். இரண்டாவது பிரேக்குக்கு. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. கடுகண்ணாவையில் இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் வைத்த மைனர் தன் சொந்தப் பலத்துக்கே திணறும். முன்சக்கரத்துக்கு டிஸ்க், நல்ல டயர், புதிய பிரேக் குழாய்கள் வந்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். மூன்றாவது ரேடியேட்டருக்கு. நான்காவதாக, இருக்கும் எஞ்சினின் நான்கு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்து பார்ப்பது. ஊதி இந்தப் பட்டியலின் கடைசியில்தான் வருகிறது. அதற்கான தாங்கியையும் கப்பியையும் கடைந்து கொடுக்க மலைநாட்டில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலர்களையும் காற்றூதிகளையும் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்து வளர்ந்த கைத்திறன் இது.

வேகம் பணக்காரர் விளையாட்டு என்பதற்குப் பந்தயத்தையே உதாரணம் காட்டுவார்கள். கோயம்புத்தூர் தொழிலதிபர் எஸ். கரிவர்தன் வசதியானவர்தான். ஆனால் அவர் செய்த மிகப் பெரிய காரியம், மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து, ஃபோர்முலா மாருதி என்ற மலிவான போட்டி வகையை உண்டாக்கியது. சந்தைக்குப் போகும் காரின் எஞ்சின்தான் அது. நரேன் கார்த்திகேயன் தன் போட்டி வாழ்க்கையைத் தொடங்கியது அந்தக் கார்களில். 2005இல் ஃபோர்முலா ஒன்னுக்குப் போனார். பணம் இருந்தவரே பணத்தின் தடையைக் குறைக்கலாம் என்று காட்டிய இடம் அது.

மிகக் கனமான ஆட்சேபம் ஒன்று மிஞ்சியிருக்கிறது: வாராந்தம் 20 லீற்றர் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்டில் இது தேவையா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலையும் ஏறியது. மைனர் இன்று மலிவான தொடக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதே வறட்சிதான், இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டும் திறமையின் மதிப்பையும் உயர்த்தியது. வெளிநாட்டுச் செலாவணியைத் தின்பது புதிய கார். உடைந்த காரின் எஞ்சினை வேறொரு பழைய கூட்டில் உயிர்ப்பிப்பது அதற்கு எதிர்த்திசையில் போகும் வேலை. வார இறுதியில் ஓடும் காருக்குப் பெற்றோல் கணக்கும் பெரிதாக வராது.

பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு மழுப்பல் உதவாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். வேகத்தைப் பற்றி இந்த நாட்டில் எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பாடசாலையும் வைத்தியசாலையும் நெருங்கிய கண்டி வீதிகள் இந்தக் காருக்கான இடமல்ல. அதற்கான இடம் 1934 முதல் வரலாறு கொண்ட மஹகஸ்தோட்டை மலையேற்றம் போன்ற போட்டி. அங்கே ஒரு நேரத்தில் ஒரு கார்தான், எதிரி கடிகாரம் மட்டுமே. அத்தகைய களத்திலும் பார்வையாளரைத் தள்ளி நிறுத்துவது ஏற்பாட்டாளரின் கடமை, பிரேக்கை முதலில் மாற்றுவது காரைக் கட்டியவனின் கடமை.

சட்டம் விடாது என்பது கடைசிப் பல்லவி. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். இரண்டும் நடைமுறைகள், ஒழுங்காக எரியும் எஞ்சினுக்குப் புகைப் பரிசோதனை பயமுறுத்தும் விஷயமும் இல்லை. ஆனால் பொனட்டுக்குள் இருக்கும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் இருக்கும் இலக்கமும் வேறுபட்டால், கட்டிய காரை விற்கவும் முடியாது, நிம்மதியாக ஓட்டவும் முடியாது.

ஆகவே மஹய்யாவ கராஜில் வந்து நிற்கும் இளைஞனுக்குப் பாஸ் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள் நிறையவே இருக்கின்றன. அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தாயா, முன் பிரேக் டிஸ்க்கா, நான்கு சிலிண்டரிலும் அமுக்கம் சமமா, கணினியும் வயரும் அதே காரிலிருந்து வந்தவையா, எஞ்சின் இலக்கத்தைப் பதியத் தயாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். இவற்றில் எதற்கும் பதில் இல்லாதவனைத் திருப்பி அனுப்புவது நியாயம். எல்லாவற்றுக்கும் பதிலோடு வருகிறவனை ‘சல்லி இல்லை’ என்ற ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப இந்தத் தொழிலின் வரலாற்றில் ஆதாரம் கிடையாது.